ஜிஐ கூடினால் ஆபத்து கூடுது, ஜிஎல் கூடினால் குறையுது: நுரையீரல் புற்றுநோயும் மாவுச்சத்தும்

2025இல் அமெரிக்காவின் ‘அன்னல்ஸ் ஆஃப் ஃபேமிலி மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 1,01,732 பேரின் உணவுப் பழக்கத்தைக் கேட்டுப் பதிவு செய்து, சராசரியாக 12 வருடங்களுக்கு மேல் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அதில் 1,706 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. சாப்பாட்டின் கிளைசிமிக் இண்டெக்ஸ் (சுருக்கமாக ஜிஐ) மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேரைவிட ஆபத்து 13 சதவீதம் அதிகம். செய்திகளில் தலைப்பானது இதுதான்: வெள்ளை ரொட்டி, வெள்ளைச் சோறு, நுரையீரல் புற்று. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. கிளைசிமிக் லோடு (ஜிஎல்) மிக அதிகமாக இருந்தவர்களுக்கு ஆபத்து 28 சதவீதம் குறைவு. இது பலர் கண்ணில் படவே இல்லை.

ஒன்று ஏற்றுகிறது, மற்றது இறக்குகிறது. இரண்டுமே ‘சாப்பிட்டதும் சர்க்கரை எவ்வளவு ஏறும்’ என்பதன் அளவுகோல்கள்தான் என்று பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம். அப்படியிருக்க இரண்டும் எப்படி எதிரெதிராகப் போகும்? இதைப் பிரித்துப் பார்த்தால்தான் அந்த 13 சதவீதத்துக்கு என்ன மதிப்பு என்று தெரியும்.

ஜிஐ என்ற எண்ணை 1981இல் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்தது. அளக்கும் முறை எளிது, ஆனால் சலிப்பானது. இரவு முழுக்க வெறும் வயிறாக இருந்த சுமார் 10 பேருக்கு, 50 கிராம் செரிக்கும் மாவுச்சத்து உள்ள அளவு உணவைக் கொடுக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். வரைபடத்தில் வரும் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பை, அதே ஆள் 50 கிராம் குளுக்கோஸ் குடித்தபோது வந்த பரப்போடு ஒப்பிட்டுச் சதவீதம் போட்டால் ஜிஐ. 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70உம் அதற்கு மேலும் அதிகம். சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இதே முறையில் நம் அரிசி ரகங்களை அளந்து 2012இல் வெளியிட்டது: பொன்னி 70, சோனா மசூரி 72, சூர்ட்டி கோலம் 77. மூன்றுமே ‘அதிகம்’ வரிசைதான்.

ஜிஐ தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காது. 50 கிராம் மாவுச்சத்துக்கு 180 கிராம் சோறு போதும். தர்பூசணியில் அதே 50 கிராம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 660 கிராம் சாப்பிட வேண்டும். அதன் ஜிஐ 76 என்று சொல்வதில் ஆய்வுக்கூடத்துக்கு அர்த்தம் உண்டு, நம் வீட்டுக்கு இல்லை. அதனால்தான் 1997 வாக்கில் ஹார்வர்டில் வால்டர் வில்லெட் குழு ஜிஎல்லைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஜிஐயை, சாப்பிட்ட மாவுச்சத்தின் கிராமால் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். 150 கிராம் சோனா மசூரிச் சோற்றில் சுமார் 42 கிராம் மாவுச்சத்து. 72 பெருக்கல் 42, வகுத்தல் 100, ஆக 30. 120 கிராம் தர்பூசணிக்கு வெறும் 7. ஒரு வேளைப் பரிமாறலில் 20க்கு மேல் போனால் அதிகம் என்பார்கள்.

ஆக ஜிஐ என்ன வகை மாவுச்சத்து என்று சொல்கிறது. ஜிஎல்லில் அளவுதான் பெரும்பாலும் பேசும்.

இப்போது அந்த ஆய்வில் இருந்தவர்களைப் பாருங்கள். பிஎல்சிஓ என்ற பெரிய அமெரிக்கச் சோதனையில் 1993 முதல் 2001 வரை சேர்க்கப்பட்ட 55 முதல் 74 வயதுக்காரர்கள். கலோரிக் கணக்கைச் சரிசெய்த பிறகு, அந்த ஊரில் ஜிஎல் அதிகமாக வருபவர் யார்? பழம், ஓட்ஸ், பால், பீன்ஸ், ரொட்டி என்று மாவுச்சத்துப் பக்கம் அதிகம் சாப்பிடுபவர். ஜிஎல் குறைவாக வருபவர் யார்? அதே கலோரியை இறைச்சி, சீஸ், வெண்ணெய், மது என்று எடுத்துக்கொள்பவர். 2017இல் வந்த, 14 லட்சம் பேரை உள்ளடக்கிய ஒரு கூட்டுப் பகுப்பாய்வில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று ஆபத்து 14 சதவீதம் கூடுதலாக இருந்தது. ‘ஜிஎல் அதிகமென்றால் பாதுகாப்பு’ என்ற முடிவு, மாவுச்சத்தின் நற்குணத்தைவிட அது தட்டிலிருந்து எதைத் தள்ளியது என்பதைக் காட்டுகிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு மூன்று கரண்டிச் சோறு கூடப் போட்டுக்கொள்ளக் காரணம் கிடைத்தது என்று நினைத்தால், அது வேறு ஊர்த் தட்டின் கணக்கு. ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியர்களுக்குக் கலோரியில் சுமார் 62 சதவீதம் ஏற்கெனவே மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது, அதில் பெரும்பகுதி தீட்டிய தானியமும் சர்க்கரையும்.

சரி, அந்த 13 சதவீதத்துக்கு வருவோம். 1,01,732 பேரில் 1,706 என்றால் ஆயிரத்துக்கு 17 பேர். தோராயமாகக் கணக்குப் போட்டால், ஜிஐ குறைவான கூட்டத்தில் ஆயிரத்துக்கு 16, அதிகமான கூட்டத்தில் 18. பன்னிரண்டு வருடத்தில் ஆயிரம் பேருக்கு இரண்டு பேர் வித்தியாசம். சிகரெட்டோ? புகைப்பவருக்கு ஆபத்து 15 முதல் 30 மடங்கு. சதவீதம் இல்லை, மடங்கு. இவ்வளவு பெரிய காரணி பக்கத்தில் நிற்கும்போது 13 சதவீதம் போன்ற சின்ன எண்ணை நம்புவது சிரமம். புகைப்பவர்கள் சராசரியாகப் பழமும் முழுத் தானியமும் குறைவாகச் சாப்பிடுபவர்கள். ஆய்வாளர்கள் ‘புகைத்தலைச் சரிசெய்தோம்’ என்று எழுதுவார்கள்; கையில் இருப்பதோ ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட், எத்தனை வருடம், எப்போது விட்டீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில். எவ்வளவு ஆழமாக இழுத்தார், விட்ட பிறகு திருட்டுத்தனமாக எத்தனை பற்றவைத்தார் என்பதெல்லாம் அதில் வராது. அந்த மிச்சம் அப்படியே ஜிஐ தலையில் விழும்.

உணவைக் கேட்கும் விதமும் அப்படித்தான். கடந்த 12 மாதத்தில் இதை எத்தனை முறை சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்று நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஒரே ஒருமுறை படிவம் நிரப்பச் சொல்வார்கள். பிறகு பன்னிரண்டு வருடத்துக்கும் அதுதான் அந்த ஆளின் உணவு. அதன்மீது ஜிஐ அட்டவணையை ஏற்றுகிறோம். அந்த அட்டவணையே ஆட்டம் காண்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 63 பேருக்கு அதே வெள்ளை ரொட்டியைத் திரும்பத் திரும்பக் கொடுத்து அளந்தார்கள் (2016). சராசரி ஜிஐ 62. ஆனால் ஒரே ஆளுக்குள் நாளுக்கு நாள் 20 சதவீதமும், ஆளுக்கு ஆள் 25 சதவீதமும் வேறுபட்டது.

புகைத்தலின் நிழலை நீக்க ஒரு வழி, புகையே தொடாதவர்களை மட்டும் பார்ப்பது. ஹூஸ்டனில் எம்டி ஆண்டர்சன் மருத்துவமனைக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில் 1,905 நோயாளிகள், 2,413 நோயற்றவர்கள். ஜிஐ உச்ச ஐந்தில் ஒரு பங்கினருக்கு 49 சதவீதம் அதிகம். புகைக்காதவர்களை மட்டும் பிரித்தால் 2.25 மடங்கு. அங்கே ஜிஎல்லுக்குத் தொடர்பே வரவில்லை. 2.25 என்றதும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். ஆனால் இது நோய் வந்த பிறகு பழைய சாப்பாட்டை நினைவுகூரச் சொன்ன ஆய்வு. புற்று வந்தவர் ‘என்ன தப்பாகச் சாப்பிட்டேன்’ என்று துருவித் துருவி யோசிப்பார். பசி மங்கி, ரொட்டியும் கஞ்சியுமாக இருக்கும் கடைசி மாதங்கள் பழைய உணவின் ஞாபகத்தில் கலந்துவிடும். நம்பகத்தன்மை எல்லை, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பு, 1.42 முதல் 3.57 வரை என்று அகலமாகவும் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்ட பிஎல்சிஓ ஆய்வில் அந்த 49 சதவீதம் 13 சதவீதமாகச் சுருங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

உடலுக்குள் என்ன நடக்கலாம் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். சர்க்கரை வேகமாக ஏறினால் இன்சுலின் ஏறும். இன்சுலின் ஏறினால் கல்லீரல் ஐஜிஎஃப்பிபி-1 என்ற புரதத்தைக் குறைக்கும். அது பிடித்து வைத்திருந்த ஐஜிஎஃப்-1 அவிழ்ந்து ரத்தத்தில் கூடும். அது செல்களைப் பெருகச் சொல்லும். ஒவ்வொரு கண்ணியும் தனியாகப் பார்த்தால் சரி. ஆனால் இந்தச் சங்கிலிதான் நுரையீரல் புற்றின் முக்கியப் பாதை என்றால் உடல் பருமன் உள்ளவர்களுக்கு அது கூடியிருக்க வேண்டுமே! பருமனால் ஆபத்து கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐஏஆர்சி 2016இல் உறுதிசெய்த 13 புற்றுகளில் நுரையீரல் இல்லை. கருப்பை உட்சுவர்ப் புற்று அந்தப் பட்டியலில் உண்டு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018இல் ஜிஎல்லோடு வலுவாகத் தொடர்புபடுத்தியதும் அதைத்தான். நுரையீரலுக்கு இந்தக் கதை பாதிதான் பொருந்துகிறது.

மாவுச்சத்தின் தரத்தில் எனக்கு ஜிஐயைவிட நம்பிக்கை தரும் பகுதி நார்ச்சத்து. அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் ஆய்வுகளைச் சேர்த்து 14,45,850 பேர், 18,822 நுரையீரல் புற்றுகள் என்று 2019 இறுதியில் ‘ஜாமா ஆன்காலஜி’யில் ஒரு பகுப்பாய்வு வந்தது. நார்ச்சத்து அதிகம் சாப்பிட்ட ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஆபத்து 17 சதவீதம் குறைவு. அதோடு தயிரும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, தயிரே தொடாமல் நாரும் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 33 சதவீதம் குறைவு. ஆண், பெண், இனம், கட்டியின் வகை என்று பிரித்தாலும் போக்கு மாறவில்லை. இதிலும் புகையின் மிச்சம் இருக்கலாம். ஆனால் நார்ச்சத்துக்கு நீரிழிவு, இதயம், பெருங்குடல் என்று வேறு பக்கங்களில் ஆதாரம் குவிந்திருக்கிறது. நுரையீரல் விஷயத்தில் ஏமாந்தாலும் நஷ்டமில்லை.

ஜிஐயை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே வழுக்கும் தெரியுமா? அட்டவணையில் அவித்த உருளைக்கிழங்கு 78, உருளை சிப்ஸ் 56. வெள்ளை ரொட்டி 75, வெள்ளைச் சர்க்கரை 65, ஐஸ்கிரீம் 51. கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ்; அதனால் எண்கள் இறங்குகின்றன. இதை வைத்துச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்தால் தட்டில் சிப்ஸும் ஐஸ்கிரீமும் வந்து நிற்கும்.

கடையில் நின்று போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு: மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுங்கள். 10க்குக் கீழே வந்தால் நல்லது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் 78 கிராம் மாவுச்சத்து, 2.8 நார்: விகிதம் 28. மைதா 27. கேழ்வரகு 67க்கு 11.2, அதாவது 6. கோதுமை ஆட்டாவும் ஏறக்குறைய அதே. கறுப்புக் கொண்டைக்கடலையில் நாரே 25 கிராம். விகிதம் 2கூட எட்டாது. ‘மல்டிகிரெய்ன்’, ‘பிரவுன்’ என்று எழுதிய ரொட்டிப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். முதல் பொருள் மைதாவாகவும் நிறத்துக்குக் கேரமலும் இருந்தால் பெயரால் பயனில்லை. பல பொட்டலங்களில் நார்ச்சத்து எண்ணே போட்டிருக்காது. போடாததையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு மதியச் சாப்பாட்டை இரண்டு விதமாகப் போட்டுப் பார்ப்போம். (அரிசி, பருப்பு எடையெல்லாம் சமைக்கும் முன் எடுத்தது.) முதலாவது: 150 கிராம் அரிசியில் ஆக்கிய சோறு, 10 கிராம் துவரம்பருப்பு கரைந்த நீர்த்த சாம்பார், அப்பளம். மாவுச்சத்து சுமார் 122 கிராம், நார் 5. விகிதம் 24. இரண்டாவது: 65 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு போட்ட கெட்டிக் கூட்டு, 100 கிராம் பீன்ஸ் பொரியல், 100 கிராம் கீரை. மாவுச்சத்து 75க்குள், நார் 13. விகிதம் 6. அரிசி ரகத்தை மாற்றவே இல்லை. அளவும் பக்கவாத்தியமும் மாறியதில் இவ்வளவு. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் என்று சொன்னது. அதில் பாதி இந்த ஒரு வேளையிலேயே வந்துவிடுகிறது. சாயங்காலம் 40 கிராம் கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் இன்னொரு 10.

இலையில் முதலில் பொரியலையும் கூட்டையும் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வருவது உதவும். நியூயார்க்கின் வெய்ல் கார்னெலில் 2015இல் நீரிழிவு உள்ள 11 பேரை வைத்துச் செய்த சிறு சோதனையில், காய்கறியும் புரதமும் முதலில் போனபோது ஒரு மணி நேரச் சர்க்கரை 37 சதவீதம் குறைந்தது. மாறாக, சோற்றை ஆறவைத்துச் சூடாக்கிச் சாப்பிடும் வைத்தியத்துக்கு யூடியூபில் கிடைக்கும் புகழ் கொஞ்சம் அதிகம்தான். 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்கிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து 100 கிராமுக்கு 0.64இலிருந்து 1.65 கிராமாகக் கூடியது. நல்லதுதான், ஆனால் ஒரு கிராம். சோற்றை வெளியிலேயே பல மணி நேரம் வைத்தால் பேசிலஸ் செரியஸ் கிருமி நச்சு உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது.

கேழ்வரகுக்கும் ஓர் எச்சரிக்கை. நார் 11 கிராம் இருந்தாலும் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் மாவுத்துகள் முழுக்க வெந்து விரிந்துவிடும். சர்க்கரை சோறு அளவுக்கே வேகமாக ஏறும். களியாகவோ அடையாகவோ செய்து, கூடவே கீரையும் கடலையும் சேருங்கள். நாரைத் திடீரென்று இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும். வாரத்துக்கு 5 கிராம் என்று ஏற்றி, தண்ணீரையும் கூட்டுங்கள். பயறு வகைகளை 8 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும்.

தவிடு நீக்காத அரிசி நல்ல தேர்வு. அரிசி ரகங்களை அளந்த அதே சென்னை நிறுவனத்தின் 2014 சோதனையில், அதிக எடை உள்ளவர்களுக்கு வெள்ளை அரிசிக்குப் பதில் அதைக் கொடுத்தபோது ஐந்து நாள் சராசரிச் சர்க்கரை ஏற்றம் 19.8 சதவீதம் குறைந்தது. பயறும் சேர்த்தபோது 22.9 சதவீதம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறும், இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமம் தவிட்டில்தான் அதிகம் தங்கும். குடிநீரில் உள்ள ஆர்சனிக் நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்பது நிரூபணமான விஷயம். அரிசிவழி வரும் அளவுக்கு அந்த உறுதி இல்லை. அரிசிக்கு 6 முதல் 10 மடங்கு தண்ணீர் வைத்து வடித்தால் கனிம ஆர்சனிக் 40 முதல் 60 சதவீதம் குறையும் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்கிறது. கஞ்சி வடிக்கும் நம் பழைய முறை இங்கே குக்கரை ஜெயிக்கிறது. சில பி வைட்டமின்களும் கஞ்சியோடு போகும் என்பது உண்மை.

மாத்திரை வடிவில் மட்டும் இதையெல்லாம் தேடாதீர்கள். காய்கறி, பழம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்று பார்த்துவிட்டு, பீட்டா கரோட்டினைத் தனியாக எடுத்துப் புகைப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். பின்லாந்தில் 29,133 ஆண்கள், தினம் 20 மில்லிகிராம். 1994இல் முடிவு வந்தபோது புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் ‘கேரட்’ (CARET) என்று பெயரிட்ட இதேபோன்ற மாத்திரைச் சோதனையில் 28 சதவீதம் கூடியதால் 1996இல் நிறுத்தினார்கள்.

புகைப்பவர் இதைப் படித்தால் முதலில் சோற்றில் கை வைக்காதீர்கள், பீடி சிகரெட்டை விடுங்கள். விட்டுப் பத்து வருடம் ஆனால் இந்த ஆபத்து கிட்டத்தட்டப் பாதியாகும். எந்தச் சிறுதானியமும் அதைச் செய்யாது. புகைக்காதவர்கள் வீட்டில் விறகடுப்பு, பிறர் விடும் புகை, சமையலறையில் காற்றோட்டம் ஆகியவற்றைக் கவனிக்கலாம்.

ஏற்கெனவே நுரையீரல் புற்றுக்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன உணவுக் கணக்குகள் பொருந்தாது. ‘சர்க்கரைதான் புற்றுக்குத் தீனி’ என்று சொல்லி வீட்டார் சோற்றையும் பழத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். கட்டி குளுக்கோஸை அதிகம் இழுக்கும் என்பது நிஜம், பெட் ஸ்கேன் வேலை செய்வதே அதனால்தான். ஆனால் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் ரத்தச் சர்க்கரையை விடாமல் காக்கும். கரைவது நோயாளியின் தசைதான். ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல் கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம் என்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,500 முதல் 1,800 கலோரி, 60 முதல் 90 கிராம் புரதம். கதிர்வீச்சில் தொண்டை புண்ணாகி இருக்கும்போது முழுத் தானியமும் சுண்டலும் இறங்காது. குழைந்த சோற்றில் தயிர், அவித்த முட்டை, நெய் விட்ட பருப்பு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நீரிழிவும் இருந்தால் சோற்றை நிறுத்துவதற்கு முன், இன்சுலின் அளவை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடையை வாரம் ஒருமுறை ஒரே தராசில் பார்த்து எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம்.